சுவீடனிலிருந்து வந்த அழைப்பு: மகனை அனுப்பலாமா?

கேள்வி: எனது மகன் 2011 நவம்பரில் பிறந்தவன். கொழும்பிலுள்ள ஓர் உதைபந்தாட்டப் பயிற்சிக் கழகத்தில் மூன்று ஆண்டுகளாகப் பயிற்சி பெறுகிறான். 2026 ஜூலையில் சுவீடனில் நடக்கும் கொதியா கிண்ணச் சர்வதேச இளையோர் சுற்றுப்போட்டிக்குத் தங்கள் அணிக்கு அழைப்பு வந்திருப்பதாகவும், 14 வயதுப் பிரிவில் மகன் தெரிவாகியிருப்பதாகவும் கழகத்தார் சொல்கிறார்கள். அங்கே வெளிநாட்டுக் கழகங்களின் ஆட்கள் பார்வையிட வருவார்களாம். முழுச் செலவும் எங்களுடையது. செட்டியார் தெருவில் நகையை அடகு வைத்தாவது அனுப்பலாம் என்கிறார் மனைவி. அனுப்பலாமா?
— வெள்ளவத்தையிலிருந்து ஒரு தந்தை

பதில்: அனுப்பலாம், ஆனால் நகையை எடுத்துக்கொண்டு செட்டியார் தெருவுக்குப் போவதற்கு முன் கழகத்தாரிடம் சில விடயங்களைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் தகவல்களை வைத்தே ஒன்றைச் சொல்லிவிடலாம்: மகனுக்குச் சொல்லப்பட்ட வயதுப் பிரிவு தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதைப் பின்னர் விளக்குகிறேன்.

முதலில் 'அழைப்பு' என்ற சொல்லைப் பார்ப்போம். இளையோர் சர்வதேசப் போட்டிகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்த 17 வயதுக்குட்பட்டோருக்கான தெற்காசியச் சுற்றுப்போட்டி நாடுகளின் உதைபந்தாட்டச் சம்மேளனங்களுக்கு உரியது. அதில் ஆடுபவர்களைத் தேசியப் பயிற்றுவிப்பாளர் தெரிவு செய்கிறார், பணம் கட்டி எவரும் உள்ளே போக முடியாது. 2012இல் தோஹாவில் தொடங்கிய அல்காஸ் கிண்ணம், ஏற்பாட்டாளர் தாம் விரும்பிய கழகங்களை மட்டும் அழைத்து நடத்துவது. கொதியா கிண்ணம் இவ்விரண்டிலும் சேராது. கொதன்பர்க் நகரின் ஹேக்கன் கழகம் 1975 முதல் நடத்திவரும் அந்தப் போட்டியில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் ஆடுகின்றன. உரிய காலத்தில் பதிவு செய்து கட்டணம் செலுத்தும் கழகங்கள் கலந்துகொள்ளலாம். நோர்வே கிண்ணமும் டென்மார்க்கின் டானா கிண்ணமும் இதே வகையைச் சேர்ந்தவைதாம். ஆகவே வந்திருக்கும் கடிதம் பெரும்பாலும் பதிவை உறுதிப்படுத்தும் கடிதமாகவோ வீசாவுக்கு உதவும் கடிதமாகவோ இருக்கும். அதனால் போட்டியின் மதிப்பு குறைந்துவிடாது. பல நாட்டுப் பிள்ளைகளுடன் ஒரு வாரம் ஆடுவது மிக நல்ல அனுபவம். ஆயினும் 'தெரிவானான்' என்ற சொல்லுக்காகக் கடன்படுவது வேறு, அந்த அனுபவத்துக்காகச் செலவழிப்பது வேறு. எதற்காகப் பணம் கொடுக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கழகங்களின் ஆட்கள் பார்வையிட வருவார்கள் என்று உங்களிடம் சொன்னவருக்கு விதி தெரியாமல் இருக்கலாம். தெரிந்தே சொல்லியிருந்தால் அது பெரும் பிழை. வீரர்களின் தகுதிநிலை, கழக மாற்றம் பற்றிய ஃபிஃபா ஒழுங்குவிதிகளின் 19ஆம் உறுப்புரை, 18 வயது நிறையாத ஒருவரை வெளிநாட்டுக் கழகம் பதிவு செய்வதைத் தடை செய்கிறது. பெற்றோர் உதைபந்தாட்டத்தோடு தொடர்பில்லாத காரணத்தால் அந்நாட்டில் குடியேறியிருப்பது, எல்லையோரத்தில் வசிப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கொழும்பிலிருந்து ஒரு வாரம் ஆடப் போகும் பிள்ளைக்கு அவற்றில் எதுவும் பொருந்தாது. பிள்ளைகள் ஏமாற்றப்பட்டு அந்நிய நாட்டில் கைவிடப்படுவதைத் தடுக்கவே அந்த விதி உள்ளது; அதை நாம் நன்றியோடு ஏற்க வேண்டும். ஒப்பந்தம் என்ற ஆசையை மகனின் மனத்தில் இப்போதே விதைத்துவிடாதீர்கள்.

இனி வயதுப் பிரிவு. ஐரோப்பிய இளையோர் சுற்றுப்போட்டிகளில் பெரும்பாலும் பிறந்த ஆண்டே கணக்கு. ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து எண்ணுவார்கள். 2011இல் பிறந்த உங்கள் மகனுக்கு 2026 ஜூலையில் 14 வயதுதான் என்றாலும், அந்த ஆண்டில் அவன் 15 வயதுப் பிரிவுக்கே உரியவன். பல ஆண்டுகளுக்கு முன் நான் துணைப் பயிற்றுவிப்பாளராகச் சென்ற ஓர் அணியில், கழகத்தார் இதைக் கவனிக்காததால் ஒரு பையனின் கடவுச்சீட்டை முதல் நாளே பார்த்த ஏற்பாட்டாளர்கள் அவனை ஆட விடவில்லை. ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் அவன் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு எல்லைக் கோட்டருகே வந்து நிற்பான். போட்டி முடிந்ததும் சேறு படாத அந்தச் சப்பாத்தைக் கழற்றிப் பையில் வைப்பான். கடைசி நாள்வரை அப்படித்தான் செய்தான். உங்கள் பிள்ளைக்கு அது நேரக்கூடாது. போட்டி விதிமுறையில் அவனுடைய பிரிவுக்குரிய பிறந்த திகதியைக் கழகத்தாரிடம் கேட்டு நீங்களே வாசித்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, கடவுச்சீட்டு, அணிப் பட்டியல் ஆகியவற்றில் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்; தகப்பன் பெயர் முன்னும் பின்னுமாக மாறிவிடும் நம்மவர்களின் ஆவணங்களில் இது ஓயாத தொல்லை.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, அணியில் எத்தனை பிள்ளைகள் போகிறார்கள் என்பதுதான். கொதியாவில் வழமையாக நான்கு அணிகள் ஒரு குழுவில் மோதும். முதல் இரு இடங்களைப் பெறுபவை, தோற்றால் வெளியேறும் ஒரு விலகல் சுற்றிலும் மற்றவை இன்னொரு விலகல் சுற்றிலும் தொடர்வதால், தோற்ற அணிக்கும் குறைந்தது நான்கு போட்டிகள் கிடைக்கும். ஒரு பாதிக்கு 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், நான்கு போட்டிகளுக்கு 200 நிமிடம். களத்தில் 11 பேர் என்பதால் பங்கிடுவதற்கு இருப்பது 2,200 நிமிடம். செலவை ஈடுகட்ட 22 பேரை ஏற்றிச் சென்றால், சமமாகப் பகிர்ந்தாலும் ஒருவனுக்கு 100 நிமிடந்தான். 16 பேர் என்றால் 137 நிமிடம். சமமாகப் பகிராத பயிற்றுவிப்பாளராக இருந்தால் உங்கள் மகன் அரை மணி நேரம் ஆடிவிட்டுத் திரும்பவும் கூடும். வெளியே எடுத்த வீரரை மீண்டும் களமிறக்க இளையோர் போட்டிகளில் உதைபந்தாட்டச் சட்டமே இடம் தருகிறது. ஆகையால் எல்லோரையும் ஆடவைப்பது பயிற்றுவிப்பாளரின் மனத்தைப் பொறுத்தது. அணியில் எத்தனை பேர், குறைந்தது எத்தனை நிமிடம் ஆட்டம் என்பதை எழுத்தில் கேளுங்கள். தயங்குகிற கழகத்தோடு பிள்ளையை அனுப்பாதீர்கள்.

செலவுக் கணக்கில், தங்குமிடம் என்று எழுதியிருப்பதை விசாரியுங்கள். இந்தப் போட்டியில் பல அணிகள் பாடசாலை வகுப்பறைகளில் தரையில் மெத்தை விரித்துத்தான் தூங்குகின்றன. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம்; ஆனால் அதற்கு ஹோட்டல் விலை வாங்கக்கூடாது. சுவீடனுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் வீசா வேண்டும்: 12 வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குப் பிந்தக்கூடாது, குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதி தேவை, பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை. இலாப நோக்கற்ற அமைப்புகள் நடத்தும் விளையாட்டு நிகழ்வுகளில் பங்குபற்றும் 25 வயது வரையானோருக்குக் கட்டண விலக்கு அளிக்கலாம் என்று ஷெங்கன் வீசாச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. கட்டாயமில்லை, ஆனாலும் கழகத்தார் கேட்டுப் பார்க்க வேண்டும். ஜூலை நமக்குப் பாடசாலைத் தவணைக் காலம். அதிபரிடம் விடுமுறைக் கடிதம் பெறுங்கள். பிள்ளை திரும்பி வருவான் என்பதற்கு வீசா அதிகாரிக்கும் அது ஒரு சான்று.

வீசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதையும், பயணமே நின்றுபோனால் என்ன செய்வார்கள் என்பதையும் பற்றுச்சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். இது வீண் பயமல்ல. இலங்கைச் சம்மேளனத்தை ஃபிஃபா 2023 ஜனவரி 21 முதல் ஆகஸ்ட் 27 வரை இடைநிறுத்தியிருந்தபோது, நம் கழகங்களுக்கும் சர்வதேசப் போட்டிகளின் கதவு மூடியிருந்தது. ஆகவே சம்மேளனத்தின் பயண அனுமதிக் கடிதத்தின் பிரதி உங்கள் கைக்கு வரும்வரை முழுத் தொகையையும் கட்ட வேண்டாம், தவணையாகக் கட்டுங்கள்.

நகை விடயத்தில் என் கருத்து இதுதான்: மேற்சொன்னவற்றுக்கெல்லாம் எழுத்தில் பதில் வந்து, உறவினரின் உதவியும் உங்கள் சேமிப்பும் சேர்ந்து செலவின் பெரும்பகுதியைத் தாங்குமானால், மீதிக்காகச் சிறிது அடகு வைப்பதில் தவறில்லை. முழுச் செலவும் அடகில்தான் என்றால் இந்த ஆண்டு வேண்டாம். அவனுக்கு 16, 17, 18 வயதுப் பிரிவுகள் இன்னும் இருக்கின்றன; ஓராண்டு முன்கூட்டியே சேமித்துப் போகலாம். போவதானால், அங்கே பல மைதானங்கள் செயற்கைப் புல்தரை என்பதால் அதற்குரிய சப்பாத்தை இரண்டு மாதம் முன்பே வாங்கிக் கொடுத்து, பயிற்சியில் போட்டுப் பழக்குங்கள். புதுச் சப்பாத்தோடு விமானம் ஏறிய பிள்ளைகள் இரண்டாம் போட்டியிலேயே குதிக்காலில் கொப்புளத்தோடு அமர்ந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.