திண்ணை முதல் பி.ஜி. வரை: டெல்டா மாணவர் தங்குமிடம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (கும்பகோணம்): தாத்தா வாரச் சாப்பாடு சாப்பிட்டுப் படித்தாராம். அப்படியென்றால் என்ன?

பதில்: திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று ஏழு நாளும் ஏழு வீட்டில் முறை வைத்துச் சாப்பிடுவது. படுக்கை பெரும்பாலும் ஏதாவதொரு வீட்டுத் திண்ணை. கொஞ்சம் வசதியுள்ள பையன்கள் பணம் கொடுத்துக் குடும்பங்களோடு தங்கினார்கள். கணிதமேதை ராமானுஜன் வீட்டிலேயே கல்லூரி மாணவர்களை அப்படி வைத்திருந்தார்கள். ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் போன்ற மராட்டியர் காலச் சத்திரங்களும் படிக்கும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டன. 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தபோது, வளாகத்துக்குள்ளேயே தங்கிப் படிப்பது பெரிய அளவில் தொடங்கியது. பிறகு தனியார் கல்லூரிகள் பெருகி, கல்லூரிப் பேருந்து கிராமத்து முனைவரை வந்ததும், பல பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வந்தார்கள். பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) என்கிற தனியார் தங்குமிடம் அதற்கும் பின்னால் வந்தது.

கேள்வி (மன்னார்குடி, ஒரு அம்மா): மகளைத் தஞ்சாவூரில் தனியார் விடுதியில் சேர்க்கிறோம் ஐயா. என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் உரிமம் கேளுங்கள் அம்மா. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதிக்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்பது உரிமம் ஆகாது.

அடுத்து மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். கீற்றுக் கொட்டகை போட்டு, அதில் சமையலோ துணி தேய்ப்போ நடந்தால் அந்த இடமே வேண்டாம். 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளியில் சமையலறைத் தீ கூரைக் கீற்றில் பற்றித்தான் 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். மாடிப்படி ஒன்றுதானா, அதில் சிலிண்டரோ கட்டிலோ அடைத்திருக்கிறதா, ராத்திரியில் கேட்டைப் பூட்டும் சாவி யாரிடம் இருக்கும்? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் கிளம்பிவிடுங்கள். பகலில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சாப்பாட்டின் தரமும் தண்ணீர் வரத்தும் இரவில்தான் தெரியும்.

கேள்வி (தஞ்சாவூர்): நாலு பேர் சேர்ந்து வீடு எடுக்கிறோம். அட்வான்ஸும் கரண்ட் பில்லும் இடிக்கிறது.

பதில்: வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும். அதனால் கையெழுத்துக்கு முன் அந்த வரியைப் படியுங்கள். வெள்ளையடிக்கக் கழிவு எவ்வளவு என்பதையும் எழுத வையுங்கள். சண்டை அங்கேதான் வருகிறது. விடுதியில் கட்டில் மட்டும் எடுப்பவர்கள், திருப்பித் தரும் விதியை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கரண்டில், மீட்டர் தனியா என்று கேளுங்கள். பல போர்ஷன்களுக்கு ஒரே மீட்டர் என்றால், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டியதும் குறைந்த யூனிட்டுகளுக்கான மலிவு விகிதம் போய்விடும். கூடுதல் பணம் உங்கள் தலையில் விழும். குடிபுகும் அன்றே மீட்டரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருவாரூர்): கீழ்த்தளம் வாடகை குறைவு. எடுக்கலாமா?

பதில்: சுவரின் அடி இரண்டடியைக் கையால் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு உதிர்ந்தாலோ, புதிதாக அங்கே மட்டும் பெயின்ட் அடித்திருந்தாலோ ஓதம் ஏறுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புத்தகமும் மெத்தையும் பூஞ்சை பிடிக்கும். மழைநீர் எந்த வாய்க்காலில் வடிகிறது என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள், வீட்டுக்காரரிடம் அல்ல. போர் தண்ணீரையும் வாயில் வைத்துப் பாருங்கள். கடல் பக்கம் போகப்போக உப்பு ஏறும்.

கேள்வி (மயிலாடுதுறை): கும்பகோணத்துக்குத் தினம் போய்வருவதா, தங்குவதா?

பதில்: போய்வரலாம். ரயில் சீசன் டிக்கெட் மலிவு. ஆனால் மாலை ஆய்வகம் முடியும் நேரத்துக்குப் பிறகு எந்த வண்டி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். செமஸ்டர் தேர்வு மாதத்துக்கு மட்டும் அறை எடுப்பவர்களும் உண்டு. அதற்குத் தேர்வு அட்டவணை வரும் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.