டெக்சாஸ்: நிலப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு போனால் அரசியல் தெரியும் (கேள்வி பதில்)

டெக்சாஸ் எல்லை வரலாறு, அரசியல் வரலாறு பற்றி வந்த கேள்விகளை வரிசைப்படுத்திப் பதில் தந்திருக்கிறேன். நிலம் யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். அதனால் பெரும்பாலான பதில்கள் அங்கேதான் போய் நிற்கும்.

கேள்வி: மெக்சிகோவே அமெரிக்கர்களைக் கூப்பிட்டுக் குடியேற்றியது, பிறகு அவர்களிடமே தோற்றது என்கிறார்கள். ஏன் கூப்பிட்டார்கள் சார்?

ஆள் இல்லாததால்தான். 1821-ல் ஸ்பெயினிடமிருந்து மெக்சிகோ விடுதலை பெற்றபோது, டெக்சாஸில் சொல்லிக்கொள்ளும்படியான ஊர்கள் சான் அன்டோனியோ, கோலியாட், நாகடோச்சஸ் மூன்றுதான். மேற்கும் வடக்கும் கமாஞ்சி, அப்பாச்சி மக்களின் நாடு. மெக்சிகோவின் உள்பகுதியிலிருந்து அங்கே போய்க் குடியேற யாரும் முன்வரவில்லை. எனவே 'எம்ப்ரெசாரியோ' என்ற குடியேற்ற ஒப்பந்தக்காரர்களை அரசு அமர்த்தியது. மோசஸ் ஆஸ்டின் முதல் அனுமதியைப் பெற்று 1821-லேயே இறந்துவிட, மகன் ஸ்டீபன் ஆஸ்டின் அதை நடத்தினார்.

கணக்கைப் பாருங்கள். அன்று அமெரிக்க அரசு நிலம் ஏக்கருக்கு 1.25 டாலர், குறைந்தது 80 ஏக்கர் வாங்க வேண்டும், 100 டாலரை ரொக்கமாக வைக்க வேண்டும், கடன் கிடையாது. டெக்சாஸ் அன்று கோவாவீலா–டெக்சாஸ் என்ற மெக்சிகோ மாநிலத்தின் பகுதி. அதன் 1825 சட்டப்படி மாடு வளர்க்கும் குடும்பத்துக்கு ஒரு லீக், அதாவது 4,428 ஏக்கர். அதற்கு அரசுக்குக் கட்ட வேண்டியது 30 டாலர், அதுவும் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் தவணையாக. சர்வேயர் கூலி, முத்திரைத்தாள், எழுத்துக்கூலி தனி. தனி ஆளுக்குக் கால் பங்கு. எம்ப்ரெசாரியோவுக்கு நூறு குடும்பத்துக்கு ஐந்து லீக்கும் ஐந்து லபோரும். அளவுகோல் 'வாரா', டெக்சாஸில் அது 33⅓ அங்குலம். பக்கத்துக்கு 5,000 வாரா உள்ள சதுரம் ஒரு லீக். 1,000 வாரா சதுரம் ஒரு லபோர், 177 ஏக்கர்.

பதிலுக்குக் குடியேறுபவர் மெக்சிகோ குடிமகனாக வேண்டும், கத்தோலிக்கத்தை ஏற்க வேண்டும், நன்னடத்தைச் சான்று தர வேண்டும். இந்த நிபந்தனைகளைக் கண்காணிக்கப் படையும் இல்லை, அதிகாரிகளும் இல்லை. திட்டம் கெட்டது அங்கேதான். 1830 ஏப்ரல் 6 சட்டம் அமெரிக்கக் குடியேற்றத்தைத் தடை செய்தபோது, ஒழுங்காக விண்ணப்பித்தவர்கள் நின்றார்கள். திருட்டுத்தனமாக வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1834-ல் அந்தத் தடையும் விலகியது.

கேள்வி: சுதந்திரப் போருக்கு அடிமைமுறைதான் காரணமா, சாந்தா அன்னாவின் சர்வாதிகாரமா? ஒரு பக்கம் நின்று சொல்லுங்கள்.

வெடிக்க வைத்தது மெக்சிகோ அதிபர் சாந்தா அன்னாவின் சர்வாதிகாரம். 1824 அரசியலமைப்பை ஒதுக்கி, மாநிலங்களின் அதிகாரத்தை மெக்சிகோ நகரம் பறித்தது. எதிர்த்தது டெக்சாஸ் மட்டுமல்ல. சகாடெகாஸ் மாநிலத்தை 1835 மே மாதம் படையை அனுப்பி நசுக்கினார்கள். ஆனால் அடியில் கிடந்த வெடிமருந்து அடிமைமுறை. அதை விட்டுவிட்டுச் சொல்லும் எந்த விளக்கத்தையும் என்னால் ஏற்க முடியாது.

1827-ன் மாநில அரசியலமைப்பு புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுத்தது. குடியேறிகள் கண்ட வழி ஒப்பந்தம். எல்லை தாண்டும் முன் அந்த மனிதர் தன் விலையை எஜமானனுக்குக் கடன்பட்டிருப்பதாக எழுதி வாங்குவார்கள். கூலியில் அதைக் கழிக்க வேண்டும்; உடைக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தம் போக, கடன் ஒருநாளும் தீராது. 99 ஆண்டு ஒப்பந்தங்களும் இருந்தன. 1829-ல் அதிபர் கெரேரோ அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டார். எதிர்ப்புக் கிளம்பியதும் அதே ஆண்டு டெக்சாஸுக்கு விலக்குக் கொடுத்தார்.

போரில் வென்றவர்கள் எழுதிய 1836 அரசியலமைப்பைப் படித்தால் சந்தேகம் இருக்காது. அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இல்லை. சுதந்திரமான கறுப்பினத்தவர் நாடாளுமன்ற அனுமதி இல்லாமல் அங்கே நிரந்தரமாக வாழ முடியாது. அப்போது சுமார் 5,000 அடிமைகள். 1860 கணக்கெடுப்பில் 1,82,566 பேர். மொத்த மக்கள்தொகையில் 30 சதவீதம்.

கேள்வி: 1836 மார்ச் 6-ல் டெக்சாஸ்காரர்கள் காத்த அலமோ கோட்டை விழுந்தது. ஏப்ரல் 21-ல் சான் ஹசின்டோவில் அவர்களுக்கு வெற்றி. ஆறே வாரத்தில் எப்படி?

சாந்தா அன்னா படையைப் பிரித்தார். டெக்சாஸ் படைத்தலைவர் சாம் ஹூஸ்டன் சண்டை தராமல் கிழக்கே பின்வாங்கிக்கொண்டே இருக்க, தப்பியோடும் தற்காலிக அரசைப் பிடிக்கும் ஆசையில் ஒரு சிறு பிரிவோடு சாந்தா அன்னா தனியே முன்னால் போனார். 21-ம் தேதி காலை மெக்சிகோ தளபதி கோஸ் தலைமையில் சுமார் 500 பேர் துணைக்கு வந்தார்கள். இரவெல்லாம் நடந்த களைப்பு. பிற்பகலில் முகாம் தூங்கியது, போதிய காவல் இல்லை. பின்னால் நீர்நிலை. தப்பும் வழியான வின்ஸ் பாலத்தையும் ஹூஸ்டன் முன்பே தகர்த்திருந்தார். சண்டை 18 நிமிடம். கொலை அதற்குப் பிறகும் நின்றபாடில்லை. கோலியாட்டில் சரணடைந்த டெக்சாஸ் வீரர்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மார்ச் 27-ல் மெக்சிகோ படை சுட்டுக் கொன்றதற்குப் பழி அது.

கைதியாக இருந்த சாந்தா அன்னா வெலாஸ்கோவில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மெக்சிகோ ஏற்கவில்லை. எல்லை நுவேசஸ் ஆறா, ரியோ கிராண்டேயா என்ற தகராறு 1848 வரை இழுத்தது. இடையில் ஒரு பெரும் போரே நடந்தது.

கேள்வி: டெக்சாஸ் பக்கம் நின்ற மெக்சிகோ வம்சாவளியினர் யாராவது உண்டா?

உண்டு. தனிநாடான டெக்சாஸ் குடியரசின் முதல் துணை அதிபர் லொரென்சோ தெ சவாலா. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஹோசே அன்டோனியோ நவாரோ ஒருவர். ஹுவான் செகீன் சான் ஹசின்டோவில் போரிட்டார், சான் அன்டோனியோ மேயராக இருந்தார். அவரையே துரோகி என்று விரட்டி, 1842-ல் மெக்சிகோவுக்கு ஓட வைத்தார்கள். அவர்களுடைய நிலம் கைமாறிய காலமும் அதுதான்.

கேள்வி: ரேஞ்சர்களிடம் கோல்ட் ரிவால்வர் வந்ததும் கமாஞ்சிகள் தோற்றார்கள் என்பது சரியா அண்ணா?

பாதி சரி. அதற்கு முன் ரேஞ்சரிடம், அதாவது டெக்சாஸ் எல்லைக் காவல் வீரரிடம், இருந்தது ஒரே குண்டு சுடும் துப்பாக்கி. மருந்து, குண்டு, கெட்டிப்பு என்று நிரப்பக் குதிரையை விட்டு இறங்க வேண்டும். அதற்குள் கமாஞ்சி வீரர் குதிரை ஓட்டத்திலேயே பல அம்புகள் விட்டிருப்பார். 1844 ஜூன் 8, வாக்கர்ஸ் கிரீக்கில் ரேஞ்சர் தலைவர் ஜாக் ஹேஸின் பதினைந்து பேர் அளவிலான குழு, ஐந்து குண்டு கோல்ட் பேட்டர்சன் ரிவால்வரோடு தன்னைவிடப் பல மடங்கு பெரிய கூட்டத்தை விரட்டியது.

ஆனால் பேட்டர்சனில் தொல்லை அதிகம். குண்டு தீர்ந்தால் ஆப்பைத் தட்டிக் குழலைக் கழற்றி உருளையை மாற்ற வேண்டும். ஓடும் குதிரையில் ஒரு பாகம் கீழே விழுந்தால் துப்பாக்கியே போச்சு. விசைக்குக் காவல் வளையமும் இல்லை. ரேஞ்சர் சாமுவேல் வாக்கர் சொன்ன திருத்தங்களோடு 1847-ல் வந்த புதிய கோல்ட் ரிவால்வர் ஆறு குண்டு, .44 அளவு, இரண்டு கிலோவுக்கும் அதிக எடை. அதிலும் இரண்டு குறை: மருந்து அதிகம் கொள்வதால் சில உருளைகள் வெடித்தன; சுடும் அதிர்ச்சியில் கெட்டிப்புக் கம்பி கீழிறங்கி உருளையைச் சிக்கவைத்தது. அந்தக் கம்பியைத் தோல் வாரால் கட்டிக்கொண்டு சுட்டவர்கள் உண்டு.

ரிவால்வர் வந்து முப்பது ஆண்டு வரை கமாஞ்சிகள் சமவெளியில் இருந்தார்களே! அவர்களை முறித்தது எருமை அழிவும் குதிரை அழிவும். 1874 செப்டம்பர் 28-ல் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் அமெரிக்க ராணுவ அதிகாரி மெக்கன்சியின் குதிரைப்படை கொன்ற ஆட்கள் மிகச் சிலர்தான். கூடாரங்களையும் குளிர்கால உணவையும் எரித்தார்கள். பிடித்த குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேல் சுட்டுத் தள்ளினார்கள். குதிரை இல்லாமல் வேட்டை இல்லை, வேட்டை இல்லாமல் குளிர்காலம் கழியாது. 1875 ஜூனில் கமாஞ்சித் தலைவர் குவானா பார்க்கர் ஃபோர்ட் சில் ராணுவ முகாமில் சரணடைந்தார்.

கேள்வி: வரைபடத்தில் டெக்சாஸ் தலைக்கு மேல் ஒக்லஹோமாவின் ஒல்லியான கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது ஏன்?

அதுவும் அடிமைமுறை போட்ட கோடுதான். 36°30′-க்கு வடக்கே டெக்சாஸ் நிலத்தில் அடிமைமுறை கூடாது என்பது டெக்சாஸை அமெரிக்காவோடு சேர்த்த 1845 இணைப்புத் தீர்மானத்தின் நிபந்தனை. அடிமைமுறைத் தகராறைத் தணிக்க அமெரிக்க நாடாளுமன்றம் செய்த 1850 சமரசத்தில் டெக்சாஸ் ஒரு கோடி டாலர் வாங்கிக்கொண்டு, இன்றைய நியூ மெக்சிகோவின் கிழக்குப் பாதி உட்பட பெரும் பரப்பின் மீதான உரிமையைக் கைவிட்டது. வட எல்லை சரியாக 36°30′-ல் நின்றது. 1854-ல் கன்சாஸின் தெற்கு எல்லை 37°-ல் அமைந்தது. நடுவில் அரைப் பாகை அகலத் துண்டு எந்த அரசுக்கும் சேராமல் பல ஆண்டு கிடந்து, பிறகு ஒக்லஹோமாவுக்குப் போனது.

கேள்வி: டெக்சாஸ் நினைத்தால் பிரிந்து போகலாம், ஐந்து மாநிலமாகலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

பிரிய முடியாது. 1869-ல் டெக்சாஸ் எதிர் வைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த விஷயம். ஐந்து மாநிலக் கதைக்கு ஆதாரம் உண்டு: 1845 தீர்மானம், டெக்சாஸின் சம்மதத்தோடு அதிலிருந்து மேலும் நான்கு மாநிலங்கள் வரை உருவாகலாம் என்கிறது.

அந்தத் தீர்மானத்தில் இதைவிட முக்கியமான வரி வேறு. டெக்சாஸ் தன் கடனையும் தானே வைத்துக்கொள்ள வேண்டும், தன் காலி நிலத்தையும் தானே வைத்துக்கொள்ளலாம். நெவாடாவில் சுமார் 80 சதவீத நிலம் மத்திய அரசுடையது. டெக்சாஸில் இரண்டு சதவீதம்கூட இல்லை. அந்த நிலத்தைக் கொடுத்துத்தான் ரயில் பாதை போட்டார்கள். 1888-ல் திறந்த ஆஸ்டின் தலைமைச் செயலகக் கட்டடத்துக்குக் கூலி 30 லட்சம் ஏக்கர். எக்ஸ்ஐடி என்ற மாட்டுப் பண்ணை அதில் உருவானது. மேற்கே புல்லுக்கும் உதவாது என்று பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கிய வறண்ட நிலத்தில் 1923-ல் சான்டா ரீட்டா கிணறு எண்ணெய் கக்கியது.

கேள்வி: இவ்வளவு பெரிய மாநிலத்தில் ஆளுநருக்கு ஏன் இத்தனை குறைவான அதிகாரம்?

1876 அரசியலமைப்பு கோபத்தில் எழுதியது. உள்நாட்டுப் போருக்குப் பின் ஆளுநரான குடியரசுக் கட்சியின் எட்மண்ட் டேவிஸ் கையில் மாநிலக் காவல்படையும் நியமன அதிகாரமும் குவிந்திருந்தன. 1873 தேர்தலில் ரிச்சர்ட் கோக்கிடம் தோற்றும் அவர் விலகவில்லை. 1874 ஜனவரியில் செயலகத்தின் கீழ்த்தளத்தில் அவர், மாடியில் கோக் ஆட்கள். அதிபர் கிரான்ட் படை அனுப்ப மறுத்தபின் வெளியேறினார். அந்தக் காவல்படையில் கறுப்பினத்தவர் இருந்ததும் கோபத்துக்குப் பெரிய காரணம் என்பதை மறைக்கக் கூடாது. விளைவு: அரசு வழக்கறிஞர், நில ஆணையர் போன்றோர் தனித்தனியாகத் தேர்தலில் வருகிறார்கள், சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டம் இரண்டாண்டுக்கு ஒருமுறை, 140 நாள். சின்ன மாற்றத்துக்கும் திருத்தம் தேவை. திருத்தங்கள் ஐந்நூறைத் தாண்டிவிட்டன.

கேள்வி: கறுப்பினத்தவரை வாக்களிக்கவிடாமல் செய்தது நடைமுறையில் எப்படி?

இரண்டு பூட்டு. முதலாவது 1902-ல் வந்த தலைவரி, அதாவது ஓட்டுப் போட ஆளுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டிய வரி. மாநிலத்துக்கு 1.50 டாலர், மாவட்டத்துக்கு 25 சென்ட் வரை. அக்டோபர் 1 முதல் ஜனவரி 31-க்குள் கட்டி ரசீது வாங்க வேண்டும். கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலோ ஜூலையில். வேட்பாளர் யார் என்றே தெரியாத குளிர்காலத்திலேயே பணம் கேட்டார்கள். ஏழை வெள்ளையரும் மெக்சிகோ வம்சாவளியினரும் இதில் அடிபட்டார்கள். தெற்கு டெக்சாஸில் முதலாளிகள் மொத்தமாகப் பணம் கட்டி, ரசீதுகளைத் தாங்களே வைத்துக்கொண்டு ஓட்டுப் போடவைத்ததும் நடந்தது.

இரண்டாவது, வெள்ளையர் மட்டும் முதல்நிலைத் தேர்தல். ஜனநாயகக் கட்சி வேட்பாளரே ஜெயிப்பார் என்பதால் உண்மையான தேர்தல் அதுதான். 1923 சட்டம் நேராகத் தடை போட்டது. எல் பாசோ மருத்துவர் லாரன்ஸ் நிக்சன் தொடுத்த வழக்கில் 1927-ல் அது விழுந்தது. உடனே அதிகாரத்தைக் கட்சிக் குழுவுக்கு மாற்றினார்கள். 1932-ல் அதுவும் விழுந்தது. பிறகு கட்சி மாநாடே தீர்மானம் போட்டது. 1935-ல் நீதிமன்றம் அதை அனுமதித்தது. 1944-ல் ஹூஸ்டன் பல் மருத்துவர் லானி ஸ்மித் தொடுத்த வழக்கில்தான் முற்றுப்புள்ளி. தலைவரி மாநிலத் தேர்தல்களில் 1966 வரை நீடித்தது.

கேள்வி: அப்படியானால் குடியரசுக் கட்சி எப்போது வந்தது?

மெதுவாக. 1961-ல் ஜான் டவர் செனட்டரானார். டேவிஸுக்குப் பிறகு அக்கட்சியின் முதல் ஆளுநர் பில் கிளெமென்ட்ஸ் 1978 தேர்தலில் வென்றார். 1994-க்குப் பின் மாநில அளவிலான பதவி எதையும் ஜனநாயகக் கட்சி வெல்லவில்லை.

கேள்வி: டாலஸ் பக்கம் வீடு வாங்கியிருக்கிறோம். எங்கள் மனை முதலில் யாருக்குக் கொடுத்த நிலம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், செலவும் இல்லை. முதலில் உங்கள் மாவட்ட மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்தில் முகவரியைப் போட்டுச் சட்ட விவரணையை எடுங்கள். 'சர்வே' என்ற சொல்லுக்கு முன் ஒரு பெயரும், 'அப்ஸ்ட்ராக்ட்' என்று ஓர் எண்ணும் இருந்தால், அந்தப் பெயர்தான் முதல் பட்டாதாரர். புதிய குடியிருப்புகளில் மனை எண்ணும் பிளாக் எண்ணும் மட்டும் இருக்கும். அப்போது மாவட்ட எழுத்தர் அலுவலகத்தில் அந்தக் குடியிருப்பின் மனை வரைபடத்தைக் கேளுங்கள், சர்வே பெயர் அதில் இருக்கும். பிறகு ஆஸ்டினில் உள்ள மாநிலப் பொது நில அலுவலகத்தின் தளத்தில் மாவட்டப் பெயரும் அப்ஸ்ட்ராக்ட் எண்ணும் கொடுத்துத் தேடுங்கள். அந்த எண் மாவட்டத்துக்கு மாவட்டம் ஒன்றிலிருந்து தொடங்குவதால், மாவட்டப் பெயர் விட்டுப்போனால் வேறு யாருடைய நிலமோ வந்து நிற்கும். பல கோப்புகளின் ஸ்கேன் அங்கேயே உண்டு. பரப்பு 4,605 ஏக்கர் என்றால் 1836 மார்ச் 2-க்கு முன்பே வந்திருந்த குடும்பம். 1,476 என்றால் அதே காலத்துத் தனி ஆள். 1,280 என்றால் பெரும்பாலும் அதற்குப் பின், 1837 அக்டோபருக்குள் வந்து சேர்ந்த குடும்பம்.