கார் மோதிக் கால் முறிந்தது. உடம்பு தேறிய பிறகு இழப்பீடு கேட்டால் போதாதா?

கேள்வி கேட்டவர் சொன்னது இது: தம்பிக்கு முப்பது வயது. பைக்கில் போகும்போது உளுந்தூர்பேட்டை அருகே பின்னால் வந்த கார் மோதி வலது கால் எலும்பு முறிந்துவிட்டது. நாலு நாளாகிறது. கார்க்காரர் தன்மையாகப் பேசுகிறார். ஆஸ்பத்திரிச் செலவை நானே தருகிறேன், போலீஸ் கேஸ் மட்டும் வேண்டாம் என்கிறார். தம்பி எழுந்து நடந்த பிறகு இழப்பீட்டைப் பற்றி யோசிக்கக் கூடாதா?

நான் வக்கீல் அலுவலகக் குமாஸ்தா. விபத்து வழக்குகளின் கட்டுகளைத்தான் தினமும் பிரித்துக் கட்டுகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வழக்கை அடுத்த மாதம் போட்டாலும் குடி முழுகிப் போகாது. ஆனால் எழுத்தில் ஏற வேண்டிய விஷயங்கள் இந்த வாரமே ஏறிவிட வேண்டும். வழக்குகள் தோற்பது பெரும்பாலும் கெடு தாண்டியதால் இல்லை, முதல் வாரத்தில் யாரும் எதையும் எழுதி வைக்காததால்தான்.

முதலில் ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல். விபத்தில் வருபவரைச் சேர்க்கும்போது ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் நாலு வரி எழுதுவார்கள்: எங்கே, எப்போது, எந்த வண்டி மோதி, யார் கூட்டி வந்தது. அந்த நாலு வரிதான் பின்னால் வழக்கின் அஸ்திவாரம். கேஸ் வேண்டாம் என்று பேசி முடித்த இடங்களில் இந்தப் பதிவு எப்படி இருக்கும் தெரியுமா? "பைக்கில் இருந்து தானாக வழுக்கி விழுந்தார்." போலீஸ் தொல்லை வேண்டாம் என்று கூட வந்தவர்களே அப்படிச் சொல்லியிருப்பார்கள். ஆறு மாதம் கழித்துக் கார் மோதியது என்று மனு போட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு முழுக் குறுக்கு விசாரணையையும் நடத்துவார். எனவே இன்றைக்கே மருத்துவப் பதிவு அறையில் கேட்டு, உங்கள் தம்பியின் பதிவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கார் என்றே இல்லையென்றால், நடந்தது என்ன என்பதை எழுத்து மூலமாக ஆஸ்பத்திரிக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே கொடுங்கள். நாலாம் நாள் கொடுக்கும் விளக்கத்தை நம்புவார்கள், நாலாம் மாதம் கொடுப்பதைச் சந்தேகப்படுவார்கள்.

அந்தச் சந்தேகத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கோ விழுந்து அடிபட்டவருக்கு, இன்சூரன்ஸ் உள்ள ஒரு வண்டியைப் பிறகு சேர்த்து மனு போடும் மோசடி நம் ஊர் நீதிமன்றங்களில் நிஜமாகவே நடந்திருக்கிறது. அதனால் தாமதமான புகார் என்றாலே கம்பெனி முதலில் "வண்டியைச் செருகியிருக்கிறார்கள்" என்றுதான் பதில் மனுவில் எழுதும். உண்மையாக அடிபட்டவரும் அதில் மாட்டிக்கொள்கிறார். முதல் தகவல் அறிக்கை தாமதமானது என்ற ஒன்றுக்காக மட்டும் இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011 இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் சொல்லியிருக்கிறது. தாமதத்துக்கு நம்பும்படியான காரணம் இருந்தால் அது கை கொடுக்கும். கார்க்காரர் பேச்சை நம்பிச் சும்மா இருந்தோம் என்பது அவ்வளவு பலமான காரணம் இல்லை.

புகாரைப் பொறுத்தவரை, விபத்து நடந்த எல்லைக் காவல் நிலையத்தில் கொடுப்பதுதான் சுலபம். எழுதிக் கொடுத்துவிட்டு, புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்துவிடாதீர்கள்; முதல் தகவல் அறிக்கை போடும் வரை விடக்கூடாது. வழக்கு பதிவானால்தான் மோட்டார் வாகன ஆய்வாளர் இரண்டு வண்டிகளையும் பார்த்து, எங்கே நசுங்கியிருக்கிறது என்று அறிக்கை தருவார். காரின் முன்பக்கப் பம்பரை நாளைக்கே ஷெட்டில் விட்டு மாற்றிவிட்டால், அந்த அறிக்கையில் எழுத ஒன்றும் இருக்காது. விபத்து இடத்துக்குப் பக்கத்தில் பெட்ரோல் பங்க்கோ ஹோட்டலோ இருந்தால் கேமராப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் சில நாட்களிலேயே பழையது அழிந்து புதியது ஏறிவிடும்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விசாரணை அதிகாரி விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை, விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. காகிதத்தில் அப்படி. நடப்பில் நிலையத்துக்கு நிலையம் வித்தியாசப்படும். ஆனால் இதெல்லாம் ஓடத் தொடங்குவதே போலீசுக்குத் தகவல் போன பிறகுதான்.

சரி, கெடு என்ன? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் முதலில் ஆறு மாதம் என்று இருந்தது. 1994 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள், பல வருடம் கெடுவே இல்லாமல் இருந்தது. "எப்போ வேணாலும் போடலாம்பா" என்று டீக்கடையில் சொல்பவர்கள் அந்தக் காலத்து ஆட்கள். 2019 திருத்தச் சட்டம் ஆறு மாதத்தை 166(3) பிரிவில் மறுபடி கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் முதல் அது அமலில் இருக்கிறது. அது செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், அது முடியும் வரை கெடு தாண்டியது என்று சொல்லி மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. இடைக்கால உத்தரவு என்றால் நாளைக்கு மாறலாம் என்று அர்த்தம். அதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம். ஆறு மாதம் என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெடுவை விடுங்கள், தாமதத்தால் நேராகவே பணம் போகிறது. தீர்ப்பாயம் கொடுக்கும் வட்டி, மனு போட்ட தேதிக்கு முன்னால் இருந்து ஓடாது. 171 ஆம் பிரிவு அப்படி. தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுகிறார்கள். எட்டு லட்சம் தீர்ப்பானால் வருடத்துக்கு அறுபதாயிரம். ஆறு மாதம் சும்மா இருந்தால் முப்பதாயிரம் போச்சு.

எட்டு லட்சமா என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். தம்பியின் மாத வருமானம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில், நாற்பது வயதுக்குள் என்றால் எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் சேர்ப்பார்கள், ஆக 21,000. அதைப் பன்னிரண்டால் பெருக்கி வருட வருமானமாக்கி, வயதை வைத்து ஒரு பெருக்கு எண்ணால் பெருக்குவார்கள்; முப்பது வயதுக்கு அது 17. முறிந்த காலால் அவருடைய சம்பாதிக்கும் திறன் 20 சதவீதம் குறைந்தது என்று முடிவானால், வந்த தொகையில் 20 சதவீதம், அந்த ஒரு தலைப்பில் மட்டும் 8,56,800 ரூபாய். வலி வேதனை, மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம் எல்லாம் தனி. வேலையைப் பாதிக்காத குறைபாடு என்றால் இப்படிப் பெருக்க மாட்டார்கள், சதவீதத்துக்கு இவ்வளவு என்று சிறிய தொகைதான் வரும். கொத்தனாருக்கும் கணினி முன் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் ஒரே கால் முறிவில் இழப்பீடு வேறுபடுவது இதனால்தான்.

கார்க்காரர் தருவதாகச் சொல்லும் ஆஸ்பத்திரிச் செலவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிலும் தமிழ்நாட்டில் நடக்கும் சாலை விபத்துக்கு, இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. கேஸ், லைசென்ஸ் என்ற பயம் அவருக்கு. ஆனால் நீங்கள் கேட்கும் பணம் அவர் பாக்கெட்டில் இருந்து வரப்போவதில்லை. காருக்கு இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனிதான் கட்டும். அவரிடம் இதைச் சொல்லுங்கள், பலர் இறங்கி வருவார்கள். எம்பரிவாகன் செயலியில் கார் எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு அவசரப்படுத்துகிற நானே, ஒரு இடத்தில் மட்டும் நிதானமாக இருக்கச் சொல்வேன்: கையெழுத்து. கட்டிலுக்கே வந்து வெற்றுத்தாளையோ, வக்கீலுக்கு வழக்கு நடத்த அதிகாரம் தரும் வக்காலத்தையோ நீட்டுபவரிடம் போடாதீர்கள். கிடைப்பதில் இத்தனை பங்கு என்று வக்கீல் பேசுவதே பார் கவுன்சில் விதிக்கு விரோதம், அது வேறு விஷயம். கம்பெனி தரப்பிலிருந்து சமரசத் தொகை சொன்னாலும், கால் எந்த அளவுக்குக் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொல்லும் முன் ஒப்புக்கொள்ள வேண்டாம். குறைபாடு எத்தனை சதவீதம் என்பது சிகிச்சை முடிந்த பிறகே தெரியும். அதற்காக மனுவையும் நிறுத்தி வைக்கத் தேவையில்லை. மனுவைப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சிகிச்சை பார்க்கலாம். விசாரணை வரும்போது மருத்துவக் குழு முன் ஆஜராகிச் சான்று வாங்கிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பில்லின் அசலையும், டிஸ்சார்ஜ் சம்மரியையும், எக்ஸ்ரேக்களையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். ஆட்டோக்காரரிடம் கூட ரசீது கேளுங்கள். தம்பி சம்பளக்காரர் என்றால் விடுப்புச் சான்று, கணக்குக் காட்டுபவர் என்றால் வருமான வரி தாக்கல். இரண்டும் இல்லையென்றால் வங்கிக் கணக்கில் பணம் வந்து போன விவரம். இதையெல்லாம் அவர் மனைவியிடமோ அம்மாவிடமோ பொறுப்பாகக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் சென்னையில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். தம்பியும் சென்னைவாசி என்றால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் உளுந்தூர்பேட்டைப் பக்கம் அலைய வேண்டாம். காயம்பட்டவர் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். சென்னைக்குத் தீர்ப்பாயம் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கைக்கு மட்டும் ஒரு தடவை நேரில் போய்விட்டு வாருங்கள், போகும்போது ஏ.ஆர். காப்பியும் பைக்கின் ஆர்.சி.யும் தம்பியின் லைசென்சும் கையில் இருக்கட்டும்.