கணக்குத் தீர்த்து மீட்கப் போகாதீர்கள்

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு தாய்மாமன் கேட்கிறார். தங்கை கணவர் 30,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு 12 வயது மகனை, ஊர் ஊராகப் போய் உரத்துக்காக வயலில் ஆடு அடைக்கும் ஆட்டுக்கிடைக்கு வேலைக்கு விட்டுவிட்டார். பணம் திரட்டி, ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி மீட்கலாமா?

பதில்: கடிதத்தில் பாதிக்கு மேல் மச்சானின் குடியும் வரப்புத் தகராறும்தான். சரி, அதை விடுங்கள். முன்பணத்துக்கு ஈடாகப் பையன் வேலை செய்கிறான், அது ஒன்றுதான் வழக்கு. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. திருப்பி வாங்கினால், கிடையை நடத்தும் கீதாரி மீதுதான் குற்றம். அப்பா சம்மதித்தார் என்பதும் எடுபடாது; பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்குவதையும் பாரதிய நியாய சன்ஹிதா 143-வது பிரிவு ஆள்கடத்தல் என்கிறது.

வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் விழுந்த குழி அந்தப் பஞ்சாயத்துதான். பணத்தை வாங்கிக்கொண்டு பையனை அனுப்பிவிடுவார்கள். கூடவே ஒரு பத்திரம்: ‘சம்பளம் முழுதும் பெற்றுக்கொண்டோம், பாக்கி இல்லை.’ தேதி இடம் காலி, கீழே அம்மாவின் கைரேகை. கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிப்பது சட்டப்படி கீதாரியின் பொறுப்பு. அதற்கான சாட்சியத்தை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக நாலு பேர் போய்த் தூக்கிவருவதும் இதே கதைதான். மறுநாள் விசாரணைக்கு வருபவர் பார்ப்பது வெறும் வயலை. அப்புறம் கோட்டாட்சியரிடம் விடுதலைச் சான்று வாங்குவது பெரும்பாடு. அது இல்லாமல் மறுவாழ்வுத் தொகை கிடையாது. கையில் காசில்லாத வீட்டில் அடுத்த முன்பணத்துக்கு தம்பிப் பையன் போவான். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆகவே தங்கையே கோட்டாட்சியருக்கு மனு எழுதட்டும். கிடை இன்று எந்த ஊர் வயலில் கிடக்கிறது என்பது அதில் இருக்க வேண்டும். மன்னார்குடிக் கோட்டமா, பட்டுக்கோட்டைக் கோட்டமா என்று தெரியாத மனு மேஜை மேஜையாக அலையும். குழந்தைகள் உதவி எண் 1098-லும் இன்றே சொல்லுங்கள். மச்சான் பெயரும் வழக்கில் வரலாம். அதைத் தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதியில் பின்வாங்கினால் பையன்தான் தவிப்பான்.

வரப்பு வழக்கை மட்டும் ராஜியாக முடித்துக்கொள்ளுங்கள், இரண்டடி போனாலும் பரவாயில்லை. அது நிலுவையில் இருந்தால், ‘முன்விரோதத்தில் மாமன் ஜோடித்த புகார்’ என்பார் எதிர்த்தரப்பு வக்கீல்.

மேட்டூர் திறந்து நடவு தொடங்கினால் கிடை டெல்டாவை விட்டுக் கிளம்பிவிடும். மனு இந்த வாரமே போகட்டும்.