பயனீட்டாளர் கேள்வி-பதில்: கிளட்ச்சைக் கழற்றி அளந்த பிறகு பணம் கொடுங்கள்

கேள்வி: ஐந்து ஆண்டுப் பழைய யமஹா ஸ்னைப்பர் 150 மோட்டார்சைக்கிளில் உணவு விநியோகம் செய்கிறேன். சில வாரங்களாக ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் இரைகிறதே தவிர வேகம் ஏறுவதில்லை. ‘ரேசிங் கிளட்ச் செட்’ போட்டால் இது சரியாகிவிடும், வண்டியும் நன்றாக இழுக்கும் என்று கூறி ஒரு பட்டறையில் 420 சிங்கப்பூர் வெள்ளி கேட்கிறார்கள். போடலாமா? (ஈசூன் வாசகர்)

பதில்: இப்போதைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறி கிளட்ச் நழுவுவதையே காட்டுகிறது. ஆனால், எதனால் நழுவுகிறது என்று பார்க்காமலே விலை சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கிளட்ச் எந்த வண்டிக்கும் கூடுதல் திறன் தருவதில்லை. இன்ஜின் தரும் விசையை நழுவாமல் கியருக்குக் கடத்துவது மட்டுமே அதன் வேலை. ஆகவே ‘நன்றாக இழுக்கும்’ என்ற வாக்குறுதிக்காக நீங்கள் ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. நழுவும் கிளட்ச் சரியானால், வண்டி புதிதாக இருந்தபோது இழுத்த அளவுக்கு இழுக்கும், அவ்வளவே.

முதலில் செலவில்லாத சோதனையைச் செய்யுங்கள். கிளட்ச் லிவர் பிடிக்கத் தொடங்குவதற்கு முன் சற்றுத் தளர்வாக ஆட வேண்டும். பல வண்டிகளில் லிவரின் நுனியில் இது 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும், உங்கள் வண்டிக்கு உரிய அளவு கையேட்டில் உள்ளது. இந்தத் தளர்வு அறவே இல்லையென்றால், நீங்கள் லிவரைத் தொடாதபோதும் கேபிள் கிளட்ச்சைச் சிறிது இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும், கிளட்ச்சுக்குள் ஒன்றோடொன்று அழுந்தி விசையைக் கடத்தும் தட்டுகள் முழுமையாக இறுகாமல் நழுவித் தேயும். கேபிளைத் திருகிச் சரிசெய்யச் சில நிமிடங்கள் போதும்.

அடுத்தது எண்ணெய். உங்கள் வண்டியின் கிளட்ச் இன்ஜின் எண்ணெயிலேயே மூழ்கி இயங்கும் வகையைச் சேர்ந்தது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் கலவைகள் சேர்த்த கார் எண்ணெயை இதில் ஊற்றினால், உராய்வையே நம்பியிருக்கும் தட்டுகள் வழுக்கத் தொடங்கும். என் பழைய வண்டிக்கு ஒரு பட்டறையில் இப்படித்தான் கார் எண்ணெயை ஊற்றி அனுப்பினார்கள்; ஒரே வாரத்தில் கிளட்ச் நழுவியது, அதே இடத்தில் ‘தட்டுகள் போய்விட்டன, மாற்ற வேண்டும்’ என்றும் சொன்னார்கள். ஆகவே புட்டியில், இத்தகைய கிளட்ச்சுக்கு ஏற்ற எண்ணெய் என்பதைக் காட்டும் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) அல்லது ‘ஜாசோ எம்ஏ2’ (JASO MA2) தர முத்திரை இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் நழுவினால் கிளட்ச்சைத் திறக்கத்தான் வேண்டும், ஆனால் நீங்கள் அருகில் நிற்கும்போது திறக்கட்டும். உராய்வுத் தட்டின் தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளந்து, கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட வேண்டும். ஸ்பிரிங்குகளின் நீளத்தையும் அப்படியே அளக்க வேண்டும். இடையிலுள்ள எஃகுத் தட்டுகளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தால் அவை அளவுக்கு மீறிச் சூடேறியவை, அவற்றையும் மாற்ற வேண்டும். தட்டுகளைத் தாங்கும் கூடையின் விரல்களை நகத்தால் வருடினால் பள்ளங்கள் தட்டுப்படலாம். அவை ஆழமாக இருந்தால் புதிய தட்டுகள் போட்ட பிறகும் கிளட்ச் வெட்டி வெட்டித்தான் பிடிக்கும்.

ரேசிங் செட் என்பதில் பெரும்பாலும் இருப்பவை விறைப்பான ஸ்பிரிங்குகளும், அராமிட் போன்ற வெப்பம் தாங்கும் இழைகளால் ஆன உராய்வுத் தட்டுகளும்தான். சிலிண்டரைப் பெரிதாக்கித் திறன் கூட்டிய வண்டிக்கும் பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிக்கும் அவை உண்மையிலேயே தேவைப்படும், ஏனெனில் கூடுதல் விசையை, வண்டியோடு வந்த மூல ஸ்பிரிங்குகளால் பிடித்து வைக்க முடியாது. உங்கள் இன்ஜின் தருவது ஏறத்தாழ 15 குதிரைத்திறன். அதற்கென்றே வடிவமைக்கப்பட்ட மூலத் தட்டுகள் அந்த விசையைத் தாராளமாகத் தாங்கும். விறைப்பான ஸ்பிரிங்கின் கூடுதல் விசையைச் சுமப்பதோ உங்கள் இடது கை. சிக்னலுக்குச் சிக்னல், புளோக்குக்குப் புளோக் நின்று கிளம்பும் வேலையில் ஒரு நாளில் எத்தனை நூறு முறை லிவரைப் பிடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கேபிளும் விரைவில் தேயும். ஆகவே என் பரிந்துரை மூலத் தட்டுகளும் மூல ஸ்பிரிங்குகளும்தான். புதிய தட்டுகளைப் பொருத்துமுன் இன்ஜின் எண்ணெயில் ஊறவைக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். உலர்ந்த தட்டுகளை அப்படியே போட்டால் முதல் ஓட்டத்திலேயே கருகக்கூடும்.

கேள்வி: வெளிநிறுவனத் தயாரிப்பான கிளட்ச் செட்டை இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு கடையில் வாங்கி அங்கேயே பொருத்தினேன். இப்போது நழுவுகிறது. ‘பெர்ஃபாமன்ஸ் பாகங்களுக்கு உத்தரவாதம் கிடையாது’ என்கிறார்கள். (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: கடைக்காரர் அப்படிச் சொல்வதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, ‘லெமன் சட்டம்’ என்று வழங்கப்படும் விதிகளின்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதங்களுக்குள் குறை தெரிந்தால், அது தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தரும்படி கேட்கலாம், அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். இயல்பான தேய்மானமும் தவறான பயன்பாடும் இதில் அடங்கா. அதனால்தான் எந்த எண்ணெய் ஊற்றினார்கள், யார் பொருத்தினார்கள் என்ற விவரம் ரசீதில் இருப்பது மிகவும் முக்கியம். கடைக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பலனில்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்; அதன் பிறகும் தீராவிட்டால், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் முடியாது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். அதுவரை கழற்றிய தட்டுகளை வீசிவிடாமல் ஒரு பையில் போட்டு உங்களிடமே வைத்திருங்கள்.

கேள்வி: மலேசியாவின் ஜொகூரில் இதே பாகங்கள் மலிவு. அங்கே வாங்கலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: வாங்கலாம், ஆனால் முழுக் கணக்கையும் போட்டுவிட்டு வாங்குங்கள். 48 மணி நேரத்துக்குள் திரும்பும் சிங்கப்பூர்வாசிக்கு 100 வெள்ளி மதிப்பு வரைதான் வரிச்சலுகை. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்ட வேண்டும். போலிப் பாகங்களும் புழங்குவதால், பெட்டியில் அச்சிட்ட பாக எண்ணையும் கையேட்டில் உள்ள எண்ணையும் கடையிலேயே ஒப்பிடுங்கள். பழுதென்றால் கடலைத் தாண்டித்தான் வாதாட வேண்டியிருக்கும், மேலே சொன்ன பாதுகாப்புகள் அங்குள்ள கடைக்காரரிடம் எளிதில் செல்லா. விலை வித்தியாசம் முப்பது நாற்பது வெள்ளிதான் என்றால் நான் இங்கேயே ரசீதோடு வாங்குவேன்.