பாத்திரத்தைச் சுழற்றினால் உள்ளே தண்ணீரின் கொந்தளிப்பு அடங்கிவிடுமா? பெங்களூரில் வீட்டிலேயே செய்து பார்க்க முடியுமா?

மொத்தமாக அடங்காது. சுழற்சி ஆள் பார்த்துத்தான் பிடிக்கும்: பெரிய சுழி மாட்டும், பொடிச் சுழி தப்பிவிடும். ஒரு சுழி ஒரு சுற்று வர எடுக்கும் நேரம் நீண்டால்தான் கோரியாலிஸ் விசைக்கு (சுழலும் இடத்தில் நகர்வதைப் பக்கவாட்டில் திருப்பும் விசை) அதை வளைக்க அவகாசம் கிடைக்கும். பொடிசு அதற்குள் உடைந்துபோகும். இதை அளப்பதுதான் ராஸ்பி எண், U/(2ΩL): U ஓட்டத்தின் வேகம், L சுழியின் அளவு, Ω சுழலும் வேகம் (நொடிக்கு ரேடியனில்). 1-ஐவிட மிகக் குறைந்தால் சுழற்சியின் கை ஓங்கும்.

பூமியின் சுழற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பூமியில் 2Ω-வுக்குப் பதில் 2Ω sin φ (φ அட்சரேகை); பெங்களூர் இருக்கும் 13°-இல் அது நொடிக்குச் சுமார் 3.3×10⁻⁵. 1,000 கி.மீ. அகலத்தில் நொடிக்கு 10 மீட்டர் வீசும் காற்றுக்கு ராஸ்பி எண் 0.3. சமையலறை சிங்க்கில் 30 செ.மீ., நொடிக்கு 10 செ.மீ. என்றால் பத்தாயிரம்! சிங்க் தண்ணீர் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதற்கும் பூமிக்கும் சம்பந்தமே இல்லை.

செய்து பார்க்க: பேரிங் வைத்த 30 செ.மீ. சுழல்தட்டு, எஸ்.பி. ரோடில் (பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) கிடைக்கும் 60 ஆர்.பி.எம். கியர் மோட்டார், அதில் 5 செ.மீ. ரப்பர் சக்கரம். சக்கரம் தட்டின் விளிம்பை உரசி ஓட்டினால் நிமிடத்துக்கு 10 சுற்று. Ω சுமார் 1.05. தட்டின் நடுவில் 20 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடிப் பாத்திரம், 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர். மொபைலையும் தட்டோடு சுற்றும்படி மேலே பொருத்துங்கள். வெளியே நின்று பார்த்தால் எல்லாம் சுற்றுவது மட்டும்தான் தெரியும்.

தண்ணீர் தட்டின் வேகத்தைப் பிடிக்கும் காலம் H/√(νΩ) (H தண்ணீரின் உயரம், ν அதன் பாகுநிலை, அதாவது உள் உராய்வு), அதாவது சுமார் 100 நொடி. எட்டுப் பத்து நிமிடம் விடுங்கள்; பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிறகு மெதுவாகக் கிளறி இங்க் விடுங்கள். சுழலாத பாத்திரத்தில் மேகம்போல் பரவும் இங்க், இங்கே திரைச்சீலை மாதிரி மேலிருந்து கீழ்வரை செங்குத்தாக நிற்கும். 1916-இல் கணிதவியலாளர் பிரௌட்மன் கணக்கில் காட்டியதை 1920-களின் தொடக்கத்தில் இயற்பியலாளர் டெய்லர் சோதனையில் காட்டினார்.

எந்த அளவுக்குக் கீழே சுழற்சியின் பிடி விடும்? √(ε/Ω³); ε என்பது ஒரு கிலோ தண்ணீரின் கொந்தளிப்பு நொடிக்கு இழக்கும் ஆற்றல். நொடிக்கு 1 செ.மீ., 5 செ.மீ. சுழி என்றால் ε ≈ U³/L = 2×10⁻⁵; விடை சுமார் 4 மி.மீ. பாகுநிலை சுழிகளைக் கரைத்துவிடும் அளவு சுமார் 0.5 மி.மீ. இடைப்பட்ட சுழிகளுக்கு, பாத்திரம் சுற்றுவதே தெரியாது. இது தோராயம்தான். கோரியாலிஸ் விசை ஆற்றலைத் தின்பதில்லை. பெரிய சுழிகளிலிருந்து சின்னச் சுழிகளுக்கு ஆற்றல் இறங்கும் வழியைத்தான் அடைக்கிறது. அதனால் நிஜ ε குறையும், எல்லையும் சிறுக்கும்.

சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், மேற்பரப்பை இழுத்துவிடும். தட்டு சாய்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் தளும்பும். ஸ்பிரிட் லெவல் வையுங்கள். பாத்திரத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து இங்க்கை அதில் கரைத்த பிறகே விடுங்கள், இல்லையென்றால் கனத்தில் அடியில் படிந்துவிடும். கிளறிய வேகத்தை அடித்தளத்தை ஒட்டி உராய்வால் தடைபடும் 1 மி.மீ. தண்ணீர்ப் படலம் (எக்மன் அடுக்கு) அதே 100 நொடியில் உறிஞ்ச ஆரம்பித்துவிடும். கேமராவை முதலில் ஓடவிட்டுக் கிளறுங்கள்.