கத்தி உறையின் ஓரம் ஏன் மெருகேறவில்லை?

அன்புள்ள அண்ணா,

தோல்வேலை பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்துத்தான் நானும் தொடங்கினேன். எங்கள் ஊர்க் கொல்லர் லாரி வில்பட்டையில் அடித்துக் கொடுத்த கத்தி ஒன்று இருக்கிறது, அலகு ஐந்து அங்குலம். தோட்டத்துக்குப் போகும்போது இடுப்பில் செருகிக்கொள்ள ஓர் உறை தைத்தேன். சென்னை பெரியமேட்டில் கறுப்புத் தோல் வாங்கி, இரண்டாக மடித்து, செருப்புக் கடையில் கொடுத்து மிஷின் தையல் போட்டேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது ஓரம் நார் நாராகப் பிரிகிறது. உப்புத்தாள் போட்டாலும் பாலிஷ் தேய்த்தாலும் வழவழப்பு வரவில்லை. நுனிப்பக்கம் தையலும் விட்டுவிட்டது. பித்தளை பட்டனைச் சுற்றிப் பச்சையாக ஏதோ படிகிறது. படம் இணைத்திருக்கிறேன். எந்தப் பாலிஷ் வாங்கலாம்? கத்தியை உறையிலேயே வைத்திருக்கலாமா?

கு., ஓசூர்

அன்புள்ள கு.,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டிய ஓரத்தில், கறுப்புச் சாயத்துக்கு நடுவே, தோல் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் தெரிகிறது. அது குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. எந்தப் பாலிஷும் அதன் ஓரத்தைச் சரிசெய்யாது, அதனால் பாலிஷுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

குரோம் தோலை நான் குறை சொல்லவில்லை. கைப்பைக்கும் ஷூவின் மேல்தோலுக்கும் அது அருமையானது, மெத்தென்று இருக்கும், தண்ணீரையும் ஓரளவு தாங்கும். ஆனால் ஓரம் மெருகேற வேண்டுமானால் நார்கள் தண்ணீர் குடித்து, தேய்க்கும் சூட்டில் ஒன்றோடொன்று படிந்து, அப்படியே இறுக வேண்டும். குரோம் தோலின் நார் தேய்க்கும்போது படுக்கும், கையை எடுத்ததும் எழுந்துவிடும். உறைக்கு வேண்டியது பட்டையில் பதனிட்ட தோல். நம் ஊரில் இதற்குப் பெரிய மரபே இருக்கிறது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோல் ஈஸ்ட் இந்தியா லெதர் என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பிறகு ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் என்ற மரத்தின் பட்டை பிடித்துக்கொண்டது. ஈ.ஐ. லெதர் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இப்படியொரு தோலை வைத்துக்கொண்டு, விவரம் சொல்ல ஆளில்லாமல் புதிதாக வருகிற பிள்ளைகள் குரோம் தோலில் உறை தைத்து மனம் சோர்ந்துபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இந்தப் பட்டைத் தோலை அடுத்த முறை கடையில் வெஜ் டான் என்று கேளுங்கள், 3 மில்லிமீட்டர் கனம், சாயம் போடாதது. கடைக்காரர் சொல்வதோடு விடாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சாயமும் பூச்சும் இல்லாத பட்டைத் தோல் அதை உறிஞ்சி அந்த இடம் கறுக்கும், நகத்தால் கீறினால் கோடு அப்படியே நிற்கும். வெட்டுமுகம் மேலிருந்து கீழ்வரை பழுப்பாக இருக்க வேண்டும்.

இப்போது தையல். நூல் விட்டது மிஷினால் மட்டும் அல்ல. தோலை மடித்து நேராகத் தைத்திருக்கிறீர்கள், கத்தியின் கூர் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் நேராக நூலின்மேல்தான் போய் உட்காருகிறது. வேறு எது நடக்கும்? இரண்டு தோலுக்கும் நடுவே, கூர் வரும் பக்கம் முழுக்க, அரை அங்குல அகலத்தில் ஒரு தோல் பட்டி வைக்க வேண்டும். இதை வெல்ட் (welt) என்கிறார்கள். கூர் அந்தப் பட்டியில் பதியும், நூல் அதற்கு அப்பால் பத்திரமாக இருக்கும். பட்டியின் கனம் அலகின் முதுகுக் கனத்துக்குக் குறையக் கூடாது. என்னைக் கேட்டால் உறையில் மிக முக்கியமான துண்டு இதுதான், வெளியே ஒரு கோடாக மட்டும் தெரிகிற இந்தத் துண்டு. சொல்யூஷன் தடவி, இருபக்கமும் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் அழுத்தி ஒட்டுங்கள்.

தைப்பதைக் கையாலேயே செய்யுங்கள். மெழுகு நூல் ஒன்று, அதன் இரு முனையிலும் இரண்டு ஊசி, தைக்கும் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு நூல். ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளிக் கோடு போட்டு, குத்தூசியால் சீரான இடைவெளியில் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியையும் எதிரெதிராக விட்டு இழுக்க வேண்டும். எந்தப் பக்க ஊசி முதலில் போகிறதோ அதுவே கடைசிவரை முதலில் போகட்டும், இல்லாவிட்டால் தையல் ஒரே சாய்வில் விழாது. மிஷினில் மேல்நூலும் கீழ்நூலும் தோலுக்கு நடுவே ஒன்றையொன்று கொக்கிபோட்டுப் பிடித்திருக்கின்றன, ஒன்று அறுந்தால் வரிசையாக உருவிக்கொண்டு வரும். இரட்டை ஊசித் தையலில் ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் அதே துளைகளில் ஓடிக்கொண்டிருப்பதால் உறை பிரியாது. முடிக்கும்போது இரண்டு மூன்று துளை பின்னோக்கித் தைத்து நூலை வெட்டுங்கள்.

ஓரத்துக்கு வருவோம், நீங்கள் கேட்டதே அதைத்தான். தோல், பட்டி, தோல் என்று மூன்று அடுக்கும் முதலில் ஒரே மட்டமாக வேண்டும். 120 எண் உப்புத்தாளில் தொடங்கி, அடுக்கு தெரியாமல் போகும்வரை தேயுங்கள், பிறகு 220, 400. மேலும் கீழும் உள்ள விளிம்பை லேசாகச் சீவி உருட்டுங்கள். சாயம் போடுவதானால் இந்த இடத்தில் போடுங்கள். பிறகு விரல் நுனியால் ஓரத்தில் மட்டும் தண்ணீர் தொட்டு, அது உள்ளே இறங்கி மேற்பரப்பில் ஈரம் மின்னாமல் போனதும், ஜீன்ஸ் துணியையோ வழவழப்பான கட்டையையோ வைத்து வேகமாக, அழுத்தம் அதிகம் இல்லாமல் தேயுங்கள். முதலில் மங்கலாகவே இருக்கும், கைக்குச் சூடு தெரியத் தொடங்கும்போது திடீரென்று ஒரு வழுக்கல் வரும், அதுதான் நீங்கள் தேடுவது. பிசிறு தெரிந்தால் 600 தாளில் மறுபடி தேய்த்து, மறுபடி தண்ணீர். கடைசியில் தேன்மெழுகைத் தேய்த்துத் துணியால் சூடேற்றினால் ஓரம் புளியங்கொட்டை மாதிரி ஆகிவிடும். அவசரப்பட்டு மெழுகை முன்பே போட்டுவிடாதீர்கள், மெழுகு ஏறிய நாருக்குள் தண்ணீரும் போகாது, சாயமும் போகாது.

வடிவம் எடுக்க, உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கத்தியைச் செருகி, கரண்டியின் முதுகால் அழுத்துங்கள். கத்தியை முன்பே பிளாஸ்டிக்கால் நன்றாகச் சுற்றிவிட வேண்டும், உங்களுடையது துரு ஏறும் இரும்பு. தோலைப் பதனிட்ட பட்டையின் துவர்ப்புச் சத்தான டானின் ஈர இரும்போடு சேர்ந்தால் மை போன்ற கறுப்புக் கறை விழும், தோலிலும் அலகிலும். நிழலில் காய வையுங்கள். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்டினால் தோல் சுருங்கி விறைத்துப்போகும். காய்ந்தபின் எண்ணெய் ஒரு மெல்லிய பூச்சு போதும், ஊற ஊறத் தடவினால் தோல் துவண்டு, எடுத்த வடிவமெல்லாம் போய்விடும்.

பட்டனைச் சுற்றியுள்ள பச்சை, தோலிலிருக்கும் கொழுப்பும் பித்தளையிலுள்ள செம்பும் சேர்ந்து வருவது. பல்குச்சியால் சுரண்டி, துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெயைக் குறைத்தால் வருவதும் குறையும், துருப்பிடிக்காத எஃகு பட்டன் போட்டால் வராது.

கத்தியை உறையில் தூங்கவிடாதீர்கள். தோல் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி அலகின்மேல் வைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் இன்னும் மோசம். தோட்டத்திலிருந்து வந்ததும் கத்தியைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் தனியாக வையுங்கள், உறையை வாய் கீழே இருக்கும்படி ஆணியில் மாட்டுங்கள்.